பேனர் பழசு, ஆளு புதுசு

தலையைக் குனிந்துகொள்ளுங்கள்! மேடைக்குப் பின்னால் சரியாக நெற்றி உயரத்தில் ஒரு சவுக்குக் கம்பைக் குறுக்கே கட்டி வைத்திருக்கிறார் பந்தல்காரர். ரிதம் பேட் தம்பி ஏற்கெனவே முட்டிக்கொண்டு, அடுத்தவருக்கு எச்சரிக்கையாக அதில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி வைத்திருக்கிறான். தரையெங்கும் கேபிள். ஒன்றைக்கூட மிதிக்கக் கூடாது. மிதித்தால் மைக்செட் அண்ணன் பார்வையாலேயே எரித்துவிடுவார். தாண்டி வந்துவிட்டீர்களா? அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம். ஊரே முன்பக்கம் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் படுதாவுக்கு இந்தப் பக்கம்!

சின்னாளபட்டியைத் தாண்டி ஆத்தூர் போகிற பக்கத்தில் ஒரு கிராமம். அம்மன் கோயில் திருவிழா. கிழக்கே சிறுமலை இருக்கும் திசையிலிருந்து காற்று வரும் என்றார்கள். வந்தது என்னவோ ஜெனரேட்டர் புகைதான். நிலக்கோட்டை மல்லிகை ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம், மதியம் வெட்டிய கிடாயின் குழம்பு வாசம் இன்னொரு பக்கம். இந்த மூன்று வாசனைக்கும் நடுவில், பிளாஸ்டிக் சேரில் ஏறி நின்று ஒருவர் வாயில் குண்டூசியைக் கவ்வியபடி பேனர் கட்டுகிறார். அவர்தான் இன்றைய முதல் பாடகர். இன்னும் அரை மணி நேரத்தில் சாமி பாட்டு பாட வேண்டியவர், “அங்கிட்டு இழுப்பா... இங்கிட்டு தொங்குது பாரு” என்று கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நம்மை உள்ளே விட்டதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழுவின் பெயரையும் எழுதக் கூடாது, ஆட்களின் பெயரையும் எழுதக் கூடாது. விளம்பரம் வேண்டாம் என்கிற கலைஞர்களா என்று மலைத்துப்போகாதீர்கள். கீபோர்டு வாசிக்கிறவர் ஆபீசுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பேஸ் கிடார் தம்பி, காலையில் கல்லூரியில் பரீட்சையை வைத்துக்கொண்டு, சிநேகிதன் வீட்டில் படிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். “பேரு போட்டீங்கன்னா அடுத்த வருசம் இன்னும் ரெண்டு ஆளு மாறிரும்ணே” என்றார் மைக்செட் அண்ணன். மாறுவது இவர்களுக்குப் புதிதல்ல. எழுபதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்த குழு இது. அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் இன்று மேடையேறப் போகிறவர் ஒரே ஒருவர்தான்.

முதலில் அந்தக் கொடியைப் பாருங்கள். நைலான் கயிற்றில் வரிசையாகக் கோட்டுகள். எல்லாமே மெரூன்தான், ஆனால் ஒரே மெரூன் இல்லை. இடது ஓரத்தில் இருப்பவை வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. நடுவில் இருப்பவை பீட்ரூட். கடைசியில் தொங்கும் இரண்டும் புதுசு, பளபளக்கும் சாட்டின் காலர் வைத்தவை. புது ஆட்கள் சேரும்போதெல்லாம் புதுக் கோட்டு தைத்திருக்கிறார்கள். துணிக்கடையில் பழைய நிறம் கிடைத்தபாடில்லை. ஆக, கோட்டின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தக் காலத்து ஆள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். இருப்பதிலேயே பழைய செங்கல் கோட்டைப் போட்டிருப்பவன் இருப்பதிலேயே புதிய ஆள், ரிதம் பேட் தம்பி. தோள் இரண்டும் வழிகின்றன. காலரைத் திருப்பிக் காட்டுகிறான்: உள்ளே டெய்லர் மார்க்கர் பேனாவில் எழுதிய இரண்டு எழுத்து. முன்பு காங்கோ வாசித்தவரின் இனிஷியல். அவர் ஊரை விட்டுப் போய்ப் பல வருஷமாகிறது. “பைக்குள்ள பஸ் டிக்கெட்டு கெடந்துச்சுண்ணே, ஒட்டன்சத்திரம் டூ திண்டுக்கல்!” என்று அதையும் எடுத்து நீட்டுகிறான். அச்சு மங்கி, எவ்வளவு காசு என்பதே தெரியவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லாமல் அதே பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான்.

இன்னொரு ரகசியம், வெளியே சொல்லிவிடாதீர்கள். கோட்டுக்குள் தெரியும் வெள்ளைச் சட்டைகளுக்கு முதுகு கிடையாது! காலரும் முன்பக்கமும் மட்டும். பின்னால் இரண்டு நாடா. சித்திரை மாதத்து வெக்கையில் கோட்டு போட்டுப் பாட வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ, அவருக்குப் பதில் சொல்வதற்காக ஒரு டெய்லர் கண்டுபிடித்த வழி. கோட்டைக் கழற்றினால் முதுகெல்லாம் பவுடர் பூசியதும், அது வேர்வையில் கோடு கோடாக இறங்கியதும் தெரியும். டிரம்ஸ் வாசிக்கிறவர் காலடியில் ஒரு சின்ன ஃபேன் வேறு இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியாதபடி ஸ்பீக்கர் பெட்டியால் மறைத்திருக்கிறார்கள். அந்த ஃபேனுக்காக நடக்கும் சண்டை தனி.

ஆர்மோனியப் பெரியப்பாவிடம் போவோம். குழுவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான், அவருடைய சொந்த மருமகளுக்குக்கூட. டீக்கடை பெஞ்சில் மிஞ்சிய அந்த ஒருவர் இவர். பகலெல்லாம் பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்ட கை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று பேச்சைத் தொடங்கினால், “குறியீடு வந்துச்சு, ஆர்டர் வரலயே” என்று ஒரே வரியில் பூட்டிவிட்டார். பாட்டு நோட்டைக் கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. “கையத் துடைச்சிட்டுத் தொடுங்க.”

நீளமான கணக்கு நோட்டு. ஓரமெல்லாம் பழுத்து, நாடா போட்டுக் கட்டியிருக்கிறது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. மேல் மூலையில் எத்தனை கட்டை சுதி என்ற குறிப்பு. இங்கேதான் வேடிக்கை. ஒரு டி.எம்.எஸ். பாட்டின் தலையில் ஐந்து என்று எழுதி அடித்து, நாலரை என்று எழுதி அதையும் அடித்து, நாலு, மூன்று என்று வரிசையாக இறங்கி வருகிறது. நடுவில் எந்தக் கையெழுத்தும் மாறவில்லை. ஒரே பாடகர்தான், அவருக்கு வயது ஏற ஏறச் சுதி இறங்கியிருக்கிறது. அதற்கும் கீழே, வேறு ஒரு துடுக்கான கையெழுத்தில், மறுபடியும் ஐந்து! புதிதாக வந்த பையன் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டான். “மொதநாளு அத அவன் எழுதுனப்ப, பழையவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு நின்டுட்டாரு” என்கிறார் பெரியப்பா. அந்தப் பழையவர் இன்றைக்கும் கச்சேரிக்கு வந்திருக்கிறார். முன்வரிசையில் இல்லை, அதோ, டீக்கடை ஓரத்தில், மப்ளர் சுற்றிக்கொண்டு.

பெண் குரல் பாட்டுகளை மையின் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். பச்சை மை, நர்ஸ் வேலை கிடைத்துப் போனவர். வயலெட் மை, கல்யாணமாகித் திருப்பூர் போனவர். கட்டம் போட்டு எழுதியவர் டீச்சர்; அதைச் சொல்லவே வேண்டாம். பாதிப் பேர் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வந்தவர்கள். திண்டுக்கல்லைச் சுற்றி மாரியம்மன் எத்தனை ஊரில் இருக்கிறாளோ, கிட்டத்தட்ட அத்தனை ஊரில் அந்தோணியாரும் செபஸ்தியாரும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசையில் கீபோர்டு, ராத்திரி அம்மன் கோயிலில் கீபோர்டு என்பது இங்கே சர்வ சாதாரணம். முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் அன்னதானத்துக்கு மதம் பார்க்காமல் ஊர் திரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

போனவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தபோது ஒன்று புரிந்தது. ஆண்கள் வேலை கிடைத்துப் போனார்கள். பெண்கள் பெரும்பாலும் கல்யாணமாகிப் போனார்கள். ஒருவர் சவுதி, ஒருவர் போலீஸ், ஒருவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் மண்டி. ராகத்தில் கருத்து வேறுபாடு வந்து பிரிந்தவர் என்று ஒருவரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. சம்பளத்தில் வேறுபாடு வந்து பிரிந்தவர்கள்? அந்தப் பேச்சை எடுத்ததுமே பாதிப் பேர் ஜெனரேட்டர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

மிஷின் வந்து போனவர்களும் உண்டு. ஆரம்பத்தில் ஆர்மோனியம், தபேலா, பாங்கோஸ், புல்புல்தாரா. பிறகு அக்கார்டியன் சேர்ந்தது. கல்யாண பேண்டு செட்டிலிருந்து ஒரு டிரம்பெட்காரர் வந்தார். வயலின் இரண்டு. மேடையில் இடமில்லாமல் வயலின்காரர் ஒருவர் படியில் உட்கார்ந்து வாசிப்பாராம். அப்புறம் கேசியோ வந்தது. ஒரு பெட்டிக்குள் டிரம்பெட்டும் வயலினும் அக்கார்டியனும் இருந்தால் நாலு பேருக்கு எதற்குச் சோறு? ரோலண்ட் கம்பெனி ஆக்டாபேட் என்ற தாள மிஷினை இறக்கியது 1985-ல். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததும் அதே 1985 செப்டம்பரில்தான். இரண்டில் எது இந்தக் குழுவை அதிகம் மாற்றியது என்று கேட்டால், மாவட்டம் பிரிந்ததே பெரியப்பாவுக்கு ஞாபகமில்லை. ஆக்டாபேடின் விலை ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கு மேடையில் உள்ள மொத்த ஆட்களையும் ஒரு வேனில் அடைத்துவிடலாம். ஒருகாலத்தில் வயலின், தாள வாத்தியக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேன் போனது. டிராக் போட்டுப் பாடுகிற கரோக்கி கச்சேரிக்கு மட்டும் இவர்கள் இன்னும் இறங்கவில்லை. எனக்கு அதில் பெரிய நிம்மதி. வாயைத் தவிர எதுவும் அசையாத மேடையைப் பார்க்க எவன் பாய் தூக்கிக்கொண்டு வருவான்?

முன்னால் அறிவிப்பாளர், விழாக் கமிட்டித் தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் பொருளாளரின் மைத்துனரையும் மேடைக்கு அழைத்துக்கொண்டிருக்கிறார். துண்டு போர்த்தும் வைபவம் இப்போதைக்கு முடியாது. அந்த இடைவெளியில் பெரியப்பா சுக்குக் காபியை ஊற்றிக்கொண்டு, இந்தப் பக்கத்துக் குழுக்காரர்கள் எல்லோருக்கும் பாடமாகியிருக்கிற கதையை ஆரம்பிக்கிறார். திண்டுக்கல்லிலிருந்து குமுளி ரோட்டைப் பிடித்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி எல்லாம் தாண்டிப் போனால் உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜனின் ஊர். கம்யூனிஸ்ட் கட்சி மேடையில் சினிமா மெட்டில் கட்சிப் பாட்டு கட்டிப் பாடி ஊரைக் கூட்டியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளராக ரோசம்மா புன்னூஸ் நின்றபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவில் பாவலர் போய்ப் பாடினார், ரோசம்மா ஜெயித்தார். அந்தக் காலகட்டத்தில்தான் பதினாலு வயதில் பாவலரின் தம்பி ராஜா, அதாவது நம் இளையராஜா, அண்ணனின் குழுவில் சேர்ந்தார்.

“அவரு அப்ப பொம்பளக் குரல்ல பாடுவாராம்ல” என்று பெரியப்பா குரலைத் தாழ்த்துகிறார், ஏதோ நேற்று நடந்த சமாசாரம் போல. ராஜாவுக்குக் குரல் உடைந்தது. பெண் குரல் பொறுப்பு அவருக்கு இளையவர் கங்கை அமரனுக்குப் போனது; ராஜா ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார். ஒருகாலத்தில் தொட்டால் அண்ணனிடம் அடி வாங்கித் தந்த அதே ஆர்மோனியம்! மீசை அரும்பியதால் ஒரு குழுவில் ஆள் மாறியது என்றால், அதைவிட நியாயமான காரணம் வேறென்ன இருக்க முடியும்? பிறகு இன்னொரு சகோதரர் பாஸ்கரும் ராஜாவும் அமரனும் சென்னைக்குப் போனார்கள். பயணத்துக்கு அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை விற்று நானூறு ரூபாய் கொடுத்ததை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அங்கேயும் நேராக சினிமா இல்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் ராஜா கிடார், பிறகு ஆர்மோனியம், பாஸ்கர் தாள வாத்தியம், அமரன் கிடார். அனிருத்தா என்றொருவர் ஆர்மோனியம் வாசித்தார். ஊர் ஊராகக் கச்சேரி, மேடையேறுமுன் பேனர் கட்டும் அவஸ்தை, எல்லாம் உண்டு. பாவலர் 1973-ல் காலமானார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். “ஒருத்தரு இருந்து பாக்கல பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா காபி டம்ளரைக் கவிழ்த்தார்.

பேஸ் கிடார் தம்பிக்குப் பொறுக்கவில்லை. அவன் பீட்டில்ஸ் பைத்தியம். “பெரியப்பா, அங்கயும் இதே கததான்” என்று உள்ளே புகுந்தான். 1957 ஜூலை 6. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் வூல்ட்டன் பகுதியில் புனித பேதுரு ஆலயத் திருவிழா. ஜான் லெனன் என்கிற பதினாறு வயதுப் பையனின் ‘குவாரிமென்’ குழு லாரியின் மேல் ஏறி நின்று ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு போகிறது. பேஸ் கிடார் வாங்கக் காசில்லை. காலித் தேயிலைப் பெட்டியில் கம்பை நட்டுக் கயிறு கட்டித்தான் அந்தச் சத்தம். (தேவிகுளம் பக்கத்துத் தேயிலைப் பெட்டியோ என்னவோ, யார் கண்டது?) அன்றைக்கு அந்தத் திருவிழாவில்தான் லெனனுக்கு பால் மெக்கார்ட்னி அறிமுகமானார். மறு வருஷம் பாலின் சிபாரிசில் ஜார்ஜ் ஹாரிசன். ரொம்பச் சின்னப் பையனாக இருக்கிறானே என்று லெனன் யோசித்தாராம். ஹாரிசன் பிறந்தது 1943-ல். “நம்ம ராஜா சாரும் 1943!” என்று தம்பி தொடையைத் தட்டினான். 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்டை எடுத்துவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். லெனனைத் தவிர, லாரியில் நின்ற ஆள் ஒருவர்கூட பீட்டில்ஸில் மிஞ்சவில்லை.

பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “லாரிலயா வாசிச்சாய்ங்க? நாம டிராக்டர் டிரெய்லர்ல வாசிச்சிருக்கோம். மேடு பள்ளத்துல ஆர்மோனியம் தானா வாசிக்கும்” என்றார். மொத்த பின்கட்டும் வெடித்துச் சிரித்தது. முன்னால் பொருளாளரின் மைத்துனர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். துண்டோடு சட்டென்று இறங்கிவிட்டார்.

உஷ்... ஆரம்பிக்கிறது. இந்த மூலையில் நில்லுங்கள், இங்கிருந்து முதுகுகள் மட்டும் தெரியும். கச்சேரியை முதுகுப் பக்கமிருந்து பார்ப்பது தனி சுகம். முன்னால் இருப்பவர்களுக்குப் பாடகி புன்னகையோடு நிற்கிறார். நமக்கு, அவர் வலது செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டை விரலால் தாளம் போடுவது தெரிகிறது. கீபோர்டு அண்ணனின் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து மூன்று விரலைக் காட்டுகிறது. மூன்றாவது சரணம் வேண்டாம், நேரே பல்லவிக்குப் போ என்று அர்த்தம். டிரம்ஸ்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டுகிறார். பேஸ் தம்பி பார்க்கவில்லை. தனியாக மூன்றாவது சரணத்துக்குள் நாலடி நடந்துபோய், யாரும் இல்லாததைக் கண்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டான். கூட்டத்துக்குத் தெரியுமா? கைதட்டல்தான்!

பாடகியின் குழந்தை நமக்குப் பின்னால் டிரம்ஸ் பெட்டியின் மூடியில் தூங்குகிறது. ஸ்பீக்கர் அதிர அதிர, கண் இமைகூட அசையாமல். காவலுக்கு மாமியார். கல்யாணமான பிறகும் பாட வருவேன் என்று மருமகள் கேட்டபோது அவர் போட்ட ஒரே கண்டிஷன், நானும் கூட வருவேன் என்பதுதான். சந்தேகத்தில் வருகிறார் என்று குழுக்காரர்கள் முதலில் பயந்தார்களாம். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்குப் பாட்டுப் பைத்தியம். பாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க வந்த மருமகளிடம், “பல்லவி நடுவுல மூச்சு எடுக்குற. கேக்க நல்லாவா இருக்கு? மொத எழுத்துக்கு முன்னாடியே இழுத்து வச்சுக்க” என்கிறார். பிறகு கீபோர்டு அண்ணனைப் பார்த்து ஒரு விரலை ஆட்டுகிறார். அவர் எதற்கு என்று கேட்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒரு பித்தானைத் திருகினார். இந்தக் குழுவில் சமீபத்தில் நடந்த மிக முக்கியமான ஆள் சேர்ப்பு இந்த அம்மாதான் என்பது என் கணிப்பு.

சீட்டுகள் வர ஆரம்பித்தன. நூறு ரூபாயை மடித்து, அதற்குள் காகிதத்தை மடித்து, ஒரு சின்னப் பையன் மூலமாக மேடைக்கு. “அன்பளிப்பு நூறு ரூபாய்” என்று அறிவிப்பாளர் பெயரைப் படித்ததும் கூட்டத்தின் ஏதோ ஒரு மூலையில் விசில். பத்துச் சீட்டில் பாதி ‘கரகாட்டக்காரன்’. 1989-ல் வந்த படம், சீட்டு எழுதியவர்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள். ராஜாவின் இசை, அமரனின் இயக்கம். பண்ணைப்புரத்துக் குழுவின் பெண் குரல் ஆசாமி எடுத்த படத்தின் பாட்டை, இந்தச் சமவெளியில் ஒரு மெல்லிசைக் குழு பாடாமல் வீட்டுக்குப் போக முடியாது என்பது எனக்கு என்னவோ ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு சீட்டில் பாட்டின் பெயரே இல்லை: “போன வருசம் பாடின அக்கா எங்கே?” என்று மட்டும் எழுதி, கூடவே ஐம்பது ரூபாய். அறிவிப்பாளர் அதைப் படிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐம்பதையும்தான்.

பின்பக்கம் ஒரு லத்தி தட்டும் சத்தம் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. பந்தோபஸ்து காவலர் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். பெரியப்பா எழுந்து நின்று... கன்னத்தைக் கிள்ளுகிறார்! போலீஸ் வேலை கிடைத்துப் போன ரிதம்காரர் இவர்தான். பீட்ரூட் காலத்து ஆள். யூனிஃபார்மில் இருப்பதால் மேடைப் பக்கம் போக மாட்டேன் என்று ஓரமாக நின்றார். ஆனால் லத்தி நிற்கவில்லை. இரும்புத் தடுப்பில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்துவிட்டு, ரிதம் பேட் தம்பி தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது காதருகே போய், “தம்பி, ரோல் விழுகுறப்ப அவசரப்படாத. அவரு மூச்சு விடட்டும், அப்பறம் அடி” என்றார். தம்பி வியர்வையோடு சல்யூட் அடித்தான். அடுத்த பாட்டில் ரோல் சரியாக விழுந்தது. லத்தி ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ஆமோதித்து, திரும்பத் தடுப்பில் இறங்கியது.

அதே மனிதர்தான் பத்து மணி ஆனதும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விசேஷ நாட்களுக்கு அரசாங்கம் கொஞ்சம் தளர்த்தலாம். இன்று அப்படி எதுவும் இல்லை. பழைய காலத்தில் விடிய விடியக் கச்சேரி. நாலு பாடகர் மாறி மாறிப் பாடினால்தான் தாங்கும். அதனால் நாலு பாடகர் இருந்தார்கள். இப்போது மூன்று மணி நேரத்துக்கு இரண்டு பேர் போதும். ஆட்குறைப்புக்கு கேசியோ பாதிக் காரணம் என்றால் கடிகாரம் மீதிக் காரணம். “அண்ணே, கடைசியா ஒண்ணு” என்று அறிவிப்பாளர் கெஞ்சினார். “மங்களம் மட்டும்” என்றது சட்டம். மங்களம் என்ற பெயரில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார்கள். சட்டம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

விளக்கு அணைந்தது. கோட்டுகள் கழன்றன. முதுகில்லாச் சட்டைகளோடு எல்லோரும் வயர் சுற்றுகிறார்கள். கமிட்டி வீட்டுத் திண்ணையில் வாழை இலை. கிடா குழம்பு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. காவலருக்கும் ஒரு இலை, டீக்கடை ஓரத்திலிருந்து இழுத்து வரப்பட்ட மப்ளர் பெரியவருக்கும் ஒரு இலை. ஐந்து கட்டையில் பாடிய பையன்தான் போய் அவரைக் கூட்டி வந்தான். அவர் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “அந்த மூணாவது பாட்டுல சுதிய ஏன்டா இன்னம் எறக்கல? தொண்டை போயிரும்டா.” பையன் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஒங்களுக்குப் பயந்துதான் எறக்கல” என்றான்.

பெரியப்பா பணத்தைப் பிரித்தார். பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு. வேனுக்கு, மைக்செட்டுக்கு, டீசலுக்குப் போக மிச்சம். ரிதம் பேட் தம்பிக்கு இது முதல் சம்பளம். எண்ணிப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வேனுக்குப் பின்னால் போய் எண்ணினான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கும்போது, ஐந்து கட்டைப் பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தக் கச்சேரிக்கு வர முடியாதாம், கோயம்புத்தூரில் இன்டர்வியூ. கிடைத்தால் அங்கேயே இருக்க வேண்டிவரும்.

யாரும் அதிர்ச்சியடையவில்லை. பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வா, நல்லபடியாக் கெடைக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அதே கையோடு போனை எடுத்து, நத்தம் பக்கத்தில் இருக்கிற யாரையோ எழுப்பினார். “மாப்ள, தூங்கிட்டியா? ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?... ஆமா, கல்யாணம்தான், திண்டுக்கல்லுலதான்... நோட்ட வாட்சப்புல அனுப்பச் சொல்றேன்... சம்பளமெல்லாம் பேசிக்கலாம்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க, பல்லவி நடுவுல மூச்சு விடுற பழக்கம் இருந்தா இப்பவே நிப்பாட்டிரு. எங்ககூட ஒரு அம்மா வருவாங்க.”